பென்சிலில் எழுதிய ரீடிங்

முதலாம் ஆண்டு இயற்பியல் லேபில் எனக்கு 'ஜி'யின் மதிப்பு 10.84 வந்தது. காம்பவுண்ட் பெண்டுலம். துளைகள் போட்ட ஒரு உலோகப் பட்டையைக் கத்திமுனையில் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் இதையே செய்து கிராஃப் போட்டால் 9.8-க்குப் பக்கத்தில் வரும். வரவேண்டும்.

சார் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்தார். 10.84-ஐச் சுற்றி வட்டம் போட்டார்.

"ஜி எவ்வளவு வரணும்?"

"9.8 சார்."

"அப்புறம்? போய் சரியா போட்டு எடுத்துட்டு வா."

ரீடிங்கை எப்போதும் பென்சிலில் எழுது என்று சீனியர்கள் முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அன்றுதான் புரிந்தது. 9.79-இல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எல்லா நேரங்களையும் அழித்து, ஒவ்வொன்றையும் ஐந்து சதவீதம்போலக் கூட்டி எழுதினேன். சார் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். பத்துக்குப் பத்து. நான் மாற்றினேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

சில வருடங்கள் கழித்து, வேலையில், ஓர் இரவு பத்து மணிக்கு ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனது. 117 வரவேண்டிய இடத்தில் 116. மறுநாள் ரிலீஸ். எதிர்பார்க்கும் மதிப்பை 116 என்று மாற்றினேன், திரை பச்சையானது. மூன்று வாரம் கழித்து, பட்டியலில் கடைசியாக இருந்த வாடிக்கையாளருக்கு மட்டும் பில்லே போகவில்லை என்று தெரிந்தது. லூப்பில் ஒன்று குறைவாக எண்ணியிருந்தேன். எங்கள் தொழிலில் மிகப் பழைய பிழை இது. ஆஃப்-பை-ஒன் என்போம்.

அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோதுதான் 10.84 நினைவுக்கு வந்தது. பட்டையை விட்டு ஸ்டாப்வாட்சை அமுக்கும்போதே "ஒண்ணு" என்று எண்ண ஆரம்பித்திருக்கிறேன். பூஜ்யத்தில் ஆரம்பித்திருக்க வேண்டும். நான் இருபது என்று நிறுத்தியபோது பட்டை ஆடியது 19 தடவைதான். 20-ஐ 19-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.108. நம் ஊரில் ஜி ஏறக்குறைய 9.78. பெருக்கிப் பாருங்கள்: 10.84.

அதாவது என் தப்பான விடை குருட்டுத்தனமான தப்பு இல்லை. என்ன தவறு செய்தேன் என்பதைத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நான் அழித்துவிட்டு எழுதிய பொய் ரீடிங்குகள்தான் உண்மைக்கு மிக நெருக்கமானவை. ஒழுங்காக எண்ணியிருந்தால் அவைதான் வந்திருக்கும். நோட்டில் இருந்த எண் சரி. அப்படியென்றால் நான் சொன்னது பொய்யா?

பொய்தான் என்று இப்போது நினைக்கிறேன். குற்றமில்லாத நன்மை தரும் என்றால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார் வள்ளுவர். என் பொய்யால் அன்று யாருக்கும் நஷ்டமில்லை, ஜி மாறிவிடவும் இல்லை. ஆனால் ரீடிங் என்பது ஜியைப் பற்றிய வாக்கியம் அல்ல. 'நான் இதைப் பார்த்தேன்' என்ற சாட்சியம். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிப் பழகிய கைதான், பின்னால் 117-ஐயும் 116 ஆக்கியது.

சாரைக் குற்றம் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருக்கும் பள்ளி நண்பனிடம் சொன்னபோது சிரித்தான். "டேய், எங்களுக்கு யாருடா சொல்லிக் கொடுத்தா? இன்டர்வியூல டெமோ கிளாஸ் எடுக்கச் சொன்னாங்க, போர்டுல. லேப் எடுத்துக் காட்டுன்னு யாரும் கேக்கல. திங்கக்கிழமை சேந்தேன், புதன்கிழமை முப்பது பேரக் கையில குடுத்துட்டாங்க. எங்க சார் என்ன பண்ணாரோ அதையே பண்ணேன்."

அவனும் பென்சிலில் எழுதியவன்தான். தன் தப்பு ரீடிங்கின் காரணத்தை ஒருநாளும் தேடிப் பார்க்காத ஒருவரால் மாணவனின் தப்பு ரீடிங்கைப் படிக்க முடியாது. 9.8-ஓடு ஒப்பிடத்தான் முடியும்.

மாணவர்கள் மட்டும் இப்படி இல்லை. மில்லிகன் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்தபோது காற்றின் பாகுநிலைக்குத் தவறான மதிப்பை எடுத்துக்கொண்டதால் விடை கொஞ்சம் பிசகியது. பின்னால் அளந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான மதிப்புக்குப் போகவில்லை, படிப்படியாகத்தான் ஏறினார்கள் என்று 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு உரையில் ஃபைன்மன் சொன்னார். மில்லிகனிடமிருந்து ரொம்ப விலகிய விடை வந்தால் பிழையைத் தேடினார்கள். பக்கத்தில் வந்தால் தேடவில்லை. எங்கள் சாரின் சிவப்பு வட்டமும் இதேதான்.

வேறு மாதிரியும் நடத்த முடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வை நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன், டக் பான் மூவரும் 2015-இல் வெளியிட்டார்கள். ஊசலை 10 பாகையிலும் 20 பாகையிலும் ஆடவிட்டு நேரத்தை ஒப்பிட வேண்டும். பாடப்புத்தகச் சூத்திரப்படி இரண்டும் ஒன்று. நிஜத்தில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் வித்தியாசம் இருக்கிறது; கவனமாக, அதிக அலைவுகளை அளந்தால்தான் கண்ணில் படும். ஒப்பிடு, அடுத்து என்ன செய்வதென்று நீயே முடிவெடு, அளவீட்டை மேம்படுத்து என்று பழக்கப்பட்டவர்கள், மற்றவர்களைவிட 12 மடங்கு அதிகமாகத் தங்கள் முறையை மேம்படுத்தும் யோசனைகளை முன்வைத்தார்கள்.

நம் ஊரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. ஏஐசிடிஇ புதிய ஆசிரியர்களுக்கு 8 பகுதிகள் கொண்ட பயிற்சி வைத்திருக்கிறது. ஆனால் லேப் எடுப்பதை உட்கார்ந்து கேட்டு மட்டும் கற்க முடியாது. ஆசிரியர்களை லேபுக்குள் கூட்டிவந்து, தெரியாமல் ஒரு பிழையைப் புகுத்திவைத்த கருவியைக் கொடுத்து, "விடையை வைத்துப் பிழையைக் கண்டுபிடிங்க" என்று சொல்ல வேண்டும். மாணவர்களுக்கு முன்னால் "எனக்கும் தெரியல, வா பாக்கலாம்" என்று சொல்லிப் பழக வேண்டும். சக ஆசிரியர் ஒருவர் ஓரமாக நின்று அதைப் பார்க்க வேண்டும். மதிப்பெண், விடைக்குப் போகாமல் விளக்கத்துக்குப் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் மற்றவை எதுவும் நிற்காது. எக்ஸ்டெர்னல் வந்து 9.8 எங்கே என்றுதான் கேட்பார்.

நண்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "முப்பது பேருடா, ரெண்டு மணி நேரம்டா" என்றான். நியாயம்தான். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் போன வாரம் கூப்பிட்டான். ஒரு பெண் 10.8 கொண்டுவந்தாளாம். வட்டம் போடப் பேனாவை எடுத்தவன் நிறுத்திவிட்டு, "எப்படி எண்ணுன, எண்ணிக் காட்டும்மா" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

அரை நிமிடம் ஆனதாம்.