உருக்காமல் விட்டது

இரும்பை உடைத்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர், தாம் வாங்கிய இரும்பை உடைக்காமல் விட்டுவிடுகிறார். இது அறமா? செய்யாமல் இருந்ததை ஒரு செயலாகக் கொள்ள முடியுமா?

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாநிலத்தில் ஈஸ்ட் ப்ராட் டாப் என்றொரு சிறு ரயில்பாதை. 1872-ல் வேலை தொடங்கி 1874-ல் ராபர்ட்ஸ்டேல் சுரங்கங்களை எட்டிற்று. மூன்றடி அகலம், பிரதானப் பாதை சுமார் 33 மைல். சுமந்தது பெரும்பாலும் நிலக்கரி. கரிக்குச் சந்தை சரியவே, 1956 ஏப்ரலில் ஓட்டம் நின்றது. வாங்கியவர் நிக் கோவால்சிக் என்ற பழைய இரும்பு வியாபாரி. ஆனால் பாதையின் பெரும்பகுதியும், 1911-க்கும் 1920-க்கும் இடையில் பால்ட்வின் தொழிற்சாலை செய்துகொடுத்த ஆறு நீராவி எஞ்ஜின்களும் அப்படியே நின்றன. 1960-ல் பாதையின் ஒரு சிறு துண்டில் மீண்டும் ரயில் ஓடியது, வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு.

பழமையின் மேல் பிரியம் என்று சொல்லிக் கேள்வியை முடித்துவிடலாம். அவர் மனத்தில் இருந்தது எதுவானாலும், நடந்தது என்ன என்று பார்ப்பதே நேர்மை. உபயோகம் போன பொருளுக்கு மிஞ்சுவது எடைக்கான விலை மட்டுமே என்பது காயலான் கடைக் கணக்கு. அதை நன்கு அறிந்தவரே அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கவில்லை. உருக்குகிறவன், இனி வரப்போகிற எல்லோருக்கும் சேர்த்துத் தானே தீர்ப்புச் சொல்லிவிடுகிறான். உருக்காதவன் தீர்ப்பைத் தள்ளிவைக்கிறான். இதில் அறம் இருக்கிறதென்றால் அந்தத் தள்ளிவைப்பில்தான்.

ஆட்சேபம் ஒன்று உண்டு. சுரங்கம் மூடியபோது வேலையிழந்த மனிதர்களை யாரும் இப்படி எடுத்துவைக்கவில்லை. எஞ்ஜின் காத்திருக்கும், வயிறு காத்திருக்காது. கரி போன வழியில் விடுமுறைக் கூட்டம் போய்த் திரும்பும்போது ஒருவன் உழைப்பு இன்னொருவனுக்குக் காட்சியாகிவிடுகிறது. இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதையைப் பெயர்த்திருந்தாலும் அவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது என்பது மட்டும் தெரிகிறது. ராக்ஹில் ஃபர்னஸ் பட்டறையில் இயந்திரங்களும் அவற்றைச் சுழற்றிய வார்ப்பட்டைகளும் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகள் என்ன செய்தன என்பதற்கு அவை சாட்சி. சாட்சி நியாயம் ஆகாது. சாட்சி இல்லாமல் நியாயம் கேட்கவும் முடியாது.

1933 முதல் மவுண்ட் யூனியனில் ஒரு காரியம் செய்தார்கள். வெளிக் கம்பெனிகளின் பெரிய வண்டிகளைப் பளுதூக்கியால் உயர்த்தி, அடியிலிருந்த சக்கரங்களைக் கழற்றி, மூன்றடிப் பாதைக்கான சக்கரங்களைப் பொருத்தி அனுப்பினார்கள். சுமையை இறக்கி ஏற்றவேண்டியதில்லை. மரபு உயிரோடிருப்பது இவ்விதமாகத்தான்: சக்கரம் மாறும், சுமை தங்கும். 1960-க்குப் பின் நடந்தது இதன் தலைகீழ். சக்கரம் அதேதான், சுமை வேறு. மரபைக் காப்பதாகச் சொல்லும் நாம், இவற்றில் எதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

2011-க்குப் பின் அந்த ஓட்டமும் நின்றது. சும்மா வைத்திருப்பதும் ஒருவகையில் உருக்குவதுதான். துருவுக்கு உலை வேண்டியதில்லை. 2020-ல் ஓர் அறக்கட்டளை பாதையை வாங்கிற்று. 1956-லிருந்து குளிர்ந்து கிடந்த 16-ஆம் எண் எஞ்ஜின் 2023-ல் ஓடியது. அதற்காகக் கொதிகலனைச் செப்பனிடத் தெரிந்த கைகள் மறுபடி தேவைப்பட்டன. பார்வையாளன் அல்ல, அந்த வேலைதான் இன்று அது சுமக்கும் சுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, உடைக்காமல் விட்டவர் கடனைத் தீர்க்கவில்லை. அதைப் பின்னால் வருகிறவர்கள் பெயருக்கு எழுதிவைத்தார். அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே அவர் செய்யாமல் விட்டது ஒரு செயலாயிற்று.