ஏறக் கூடாத கோபுரம்

வெயிலை மறைக்கக் கையைத் தூக்கினால் அது உலோகக் கை. சுற்றிலும் இடிந்த ரோமானிய மதில்கள், பச்சைப் புல். வானத்திலிருந்து ஒரு கனத்த ஆண் குரல் குழந்தையை அழைப்பதுபோல் அழைக்கிறது. தன் பெயர் எலோஹிம் என்கிறது; எபிரேய வேதத்தில் கடவுளுக்கு வழங்கும் பெயர். இந்தத் தோட்டங்கள் எல்லாம் உனக்காகவே படைக்கப்பட்டவை, புதிர்களைத் தீர்த்து முத்திரைகளைச் சேர்த்துக்கொண்டு வா, முடிவில் நித்திய வாழ்வு உண்டு என்று வாக்குக் கொடுக்கிறது. பிறகு பனி மூடிய ஒரு வெளியும் அதன் நடுவே உயர்ந்து போய் மறையும் ஒரு கோபுரமும் கண்ணில் படுகின்றன. ஒரே தடை அங்கேதான். அந்தக் கோபுரத்தில் மட்டும் ஏறக் கூடாது. ஏறினால் சாவு நிச்சயம்.

ஏதேன் தோட்டத்துக் கதையை ஒரு தடவை கேட்டவருக்குக்கூட இது எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ‘தி டாலோஸ் பிரின்சிப்பிள்’ என்ற இந்தக் கணினி விளையாட்டு 2014 டிசம்பரில் வெளிவந்தது. செய்தவர்கள் குரோயேஷியத் தலைநகர் ஸாக்ரெபில் இருக்கும் குரோடீம் நிறுவனத்தார். அதுவரை அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது ‘சீரியஸ் சாம்’. கூட்டம் கூட்டமாக ஓடிவரும் அரக்கர்களைச் சுட்டுத் தள்ளுவதைத் தவிர அதில் பெரிதாக வேறு வேலை கிடையாது. அதன் நான்காம் பாகத்துக்காகச் செய்துபார்த்த ஒரு கருவியை வைத்துப் புதிர் போடத் தொடங்கினார்கள். புதிர்கள் பெருகித் தனி விளையாட்டாகவே ஆகிவிட்டன. கதை எழுத டாம் ஜுபர்ட், ஜோனாஸ் கிராட்ஸிஸ் இருவரும் வந்து சேர்ந்தார்கள். துப்பாக்கி விளையாட்டு செய்துகொண்டிருந்தவர்களிடமிருந்து இறையியல் வரும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

அந்தக் கருவியின் பெயர் ஜாமர். மூன்று கால் வைத்து நிற்கும். எந்த ஒளிக்கதவை நோக்கித் திருப்பி வைக்கிறோமோ அது அணைந்து வழிவிடும். ஜாமரைத் தூக்கினால் கதவு திரும்ப எரியும். வெளியே வைத்துவிட்டு உள்ளே நுழையலாம், ஆனால் உள்ளே இருக்கும் அடுத்த கதவுக்கும் ஜாமர் வேண்டுமே? கையில் இரண்டு இருந்தால் வழி பிறக்கும். ஒன்றை வெளியே வைத்துக் கதவைத் திறந்து, மற்றதோடு உள்ளே போய், உள்ளே நின்றபடி அதை அதே கதவின் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். பிறகு வெளியே வந்து முதல் ஜாமரை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு கதவை உள்ளேயிருந்தும் திறந்து பிடிக்கலாம் என்பது மண்டையில் உறைக்கிற வரைக்கும் ஒரே குழப்பம். உறைத்துவிட்டால் சில வினாடி வேலை. இப்படி 120-க்கும் மேற்பட்ட புதிர்கள். லேசர் கதிர்களும் காற்றாடிகளும் பெட்டிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆட்டக்காரர் தன் அசைவுகளையே பதிவு செய்து, பதிவான தன்னோடு தானே கூட்டு வேலை பார்க்கும் கருவியும் பின்னால் வருகிறது.

புதிர்களுக்கு நடுவே பழைய கணினிகள். பாதி சிதைந்த கோப்புகளிலிருந்து கதை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. வடதுருவப் பக்கத்து உறைபனி உருகியதில் வெளிவந்த வைரஸ் ஒன்று மனித இனத்தையே முடித்துவிட்டது. சாவு உறுதி என்று தெரிந்த பிறகு அலெக்சாண்ட்ரா ட்ரென்னன் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் மனித அறிவைத் திரட்டி ஒரு பெட்டகத்தில் போட்டு வைத்தார்கள். அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா? செயற்கை உலகம் ஒன்றைக் கணினிக்குள் ஓடவிட்டு, அதில் தலைமுறை தலைமுறையாக மனங்களை வளர்த்து, தானாகச் சிந்திக்கும் ஒன்று என்றைக்கு உருவாகிறதோ அன்றைக்கு அதற்கு ஓர் உடலைக் கொடுத்து வெளியே அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்கள். எலோஹிம் அந்த உலகத்தை மேற்பார்க்கும் மென்பொருள். புதிர் தீர்ப்பதோடு அறிவு நின்றுவிடாது, கொடுக்கப்பட்ட நிபந்தனையையே சந்தேகிக்கத் தெரிய வேண்டும் என்ற பொருளில் அலெக்சாண்ட்ரா ஓர் ஒலிப்பதிவில் பேசுகிறார். திட்டத்தின் முடிச்சு அங்கே இருக்கிறது. தேர்வு இரண்டு. புதிர்கள் முதல் தாள். கோபுரம் இரண்டாம் தாள்.

சொன்ன சொல் தட்டாமல் முத்திரைகளைச் சேர்த்து, கோபுரத்தை ஏறிட்டும் பார்க்காமல், எலோஹிம் காட்டிய வாயில் வழியாக ஒளிக்குள் நடந்தவருக்கு ஆசீர்வாதம் கிடைக்கிறது. கூடவே ஒரு கணினித் திரை. புதிர்த் திறனில் தேர்ச்சி, சுயச்சிந்தனையில் தோல்வி என்று அது மதிப்பெண் போடுகிறது. பிறகு மறுபடியும் அதே தோட்டம், அதே உலோகக் கை. கோப்புகளைப் படிக்காமல் புதிருக்காக மட்டும் விளையாடி இந்த முடிவில் வந்து விழுந்தவர்கள் கொதித்துப் போனார்கள். நல்ல பிள்ளையாக நடந்ததற்கு இதுதான் பரிசா? கோப்புகளை வரிவிடாமல் படித்தவர்களோ, அவர்களுக்கு வேண்டியது கிடைத்தது என்றார்கள். விளையாடியவர்களிடையே இன்றுவரை தீராத வழக்குகளில் இது ஒன்று.

கோபப்பட்டவர்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. மீறுவதையே தேர்வாக வைத்துவிட்டால், மீறித் தேறுவதும் பணிவுதானே? கோபுரம் ஏறியவர் எலோஹிமை மீறினார், சரி. எலோஹிமை எழுதிய அலெக்சாண்ட்ராவுக்கு அவர் பணிந்துபோனார். போதாக்குறைக்குக் கணினி விளையாட்டுகளுக்கென்று ஒரு மரபு உண்டு: பூட்டியிருந்தால் திறப்பதற்கு, தடுத்தால் நுழைவதற்கு. மூன்று திசைக்கும் போ, வடக்கே மட்டும் போகாதே என்று பாட்டி கதைகளில் சொல்லி அனுப்பப்பட்ட ராஜகுமாரன் எவன் வடக்கே போகாமல் இருந்தான்? அந்தப் பழக்கத்தில் ஊறியவர் கோபுரத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுத்துவிடுகிறார். அதில் தயக்கம் இல்லை, குற்ற உணர்ச்சி இல்லை, இழப்பும் இல்லை. அவரைச் சுயச்சிந்தனையாளர் என்று கணினி பாராட்டுவது கொஞ்சம் மலிவான பாராட்டு. உள்ளபடியே சோதனைக்கு ஆளானவர்கள் அந்தக் குரலை நம்பியவர்களும் நேசித்தவர்களுமே. அவர்களில் ஒருவர் படியில் கால் வைத்தால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

இந்தச் சிக்கல் கணினிக்கு முந்தியது. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து ஆயராக இருந்த இரேனியஸ், ஆதாமையும் ஏவாளையும் வளர்ந்து முடியாத குழந்தைகளாகப் பார்த்தார். எலோஹிமும் ஆட்டக்காரரைக் குழந்தை என்றே கடைசிவரை கூப்பிடுகிறார். 1786-இல் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் எழுதிய ஒரு கட்டுரை, ஏதேன் தோட்டத்து மீறலை மனிதன் தன் பகுத்தறிவை முதன்முதலில் பயன்படுத்திய நிகழ்ச்சியாக வாசித்தது. அங்கே வீழ்ச்சி என்பது வெளியேற்றம் மட்டுமல்ல, பருவம் அடைதலும்கூட. விளையாட்டின் அடிப்படை இந்த வாசிப்புக்கு மிக நெருக்கமானது.

கூர்மையான முன்னோடி வேறு இடத்தில் இருக்கிறார். ஆதமுக்குத் தலை வணங்கச் சொன்ன இறைக்கட்டளையை இப்லீஸ், அதாவது சாத்தான், மறுத்ததைக் குர்ஆன் சொல்கிறது. 922-இல் பாக்தாதில் மரண தண்டனைக்கு ஆளான சூஃபி ஞானி ஹல்லாஜ் அந்த இப்லீஸுக்காக வாதாடினார். இறைவனைத் தவிர யாருக்கும் தலை வணங்காத ஏகத்துவவாதி என்று அவனைக் காட்டினார். ஹல்லாஜின் இப்லீஸைப் பொறுத்தவரை வாயால் வந்த கட்டளை ஒரு சோதனை. இறைவனின் உள்ளம் வேறு. கட்டளைக்குப் பணிவதா, கட்டளைக்குப் பின்னால் இருக்கும் விருப்பத்துக்குப் பணிவதா? டாலோஸ் ஆட்டக்காரர் நிற்கும் இடமும் இதுவே. ஒரு வேறுபாடு, அதுவும் பெரிய வேறுபாடு: தன் நிலைக்குச் சாபத்தையும் பிரிவையும் இப்லீஸ் விலையாகக் கொடுத்தான். இந்தக் கதையில் விலை கொடுப்பவர் கடவுள்.

ஆம், எலோஹிம் அழிகிறார். தகுதியான மனம் ஒன்று கோபுரத்தின் உச்சியை அடைந்துவிட்டால் திட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிடும்; செயற்கை உலகம் நிறுத்தப்படும்; தோட்டங்களோடு அவரும் இல்லாமல் போவார். இது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ‘ஏறாதே’ என்ற சொல்லில் ஆணையோடு பயமும் கலந்து ஒலிக்கிறது. மேலே ஏற ஏற அவர் கெஞ்சுகிறார், எச்சரிக்கிறார், கடைசியில் தடுப்பதை விட்டுவிடுகிறார். சைவ சித்தாந்தத்தில் ஐந்தொழில்களில் மறைத்தலும் ஒன்று. ஆன்மா பக்குவப்படும் மட்டும் இறைவன் தன்னை மறைத்துக்கொள்வதும் அருள்தான். ஆனால் பக்குவப்பட்ட ஆன்மா விடுபடுவதால் சிவனுக்கு ஒரு குறையும் வருவதில்லை. எலோஹிமுக்கோ பிள்ளையின் பக்குவமும் தன் முடிவும் ஒரே நாளில் வருகின்றன. இப்படி ஒரு கடவுளை மரபான சமயங்களில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஞானவாதக் கிறிஸ்தவர்களின் போலிப் படைப்புக் கடவுள் என்று அவரை வகைப்படுத்திவிடும் ஆட்டக்காரர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. அந்தக் கடவுள் தான் மட்டுமே கடவுள் என்று அறியாமையில் செருக்கித் திரிபவன். இவர் அறிந்தே அஞ்சுபவர்.

எதிர்த் தரப்பு வழக்கறிஞர் மில்டன். பெட்டகத்தின் நூலக உதவி மென்பொருள். சிதைந்துபோன மனித அறிவை நெடுங்காலம் அட்டவணைப்படுத்தியே எதையும் நம்பாதவராகிவிட்டவர். ஏதேன் தோட்டத்துக் கதையை 1667-இல் காவியமாக வெளியிட்ட கவிஞரின் பெயர் அவருக்கு. அந்தக் கவிஞர் தன்னையறியாமல் சாத்தானின் கட்சியில் இருந்தவர் என்பது வில்லியம் பிளேக்கின் புகழ்பெற்ற கருத்து. விளையாட்டு இந்தக் குறும்பைத் தெரிந்தே செய்திருக்கிறது. ஒரு மனிதரை மனிதர் ஆக்குவது எது என்று மில்டன் கேட்பார். ஆட்டக்காரர் பதில் சொல்வார். அப்படியானால் நேற்றுச் சொன்னது என்ன ஆயிற்று என்று முரண்பாட்டை எடுத்து மேசைமேல் வைப்பார்.

விளையாட்டின் மீதான குறைகளில் பெரும்பங்கு இவருக்கே. ஆட்டக்காரர் தன் பதிலைத் தானே எழுத முடியாது, திரையில் இருக்கும் மூன்று நான்கு வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டக்காரருக்கு இல்லாத கருத்தை அவர் வாயில் திணித்து, பிறகு மில்டன் அதைத் தோற்கடிக்கிறார் என்று புகார். புகார் சரியானதே. தத்துவ வாதத்தில் எதிராளியின் பதிலையும் தானே எழுதுகிறவர் எந்த வாதத்திலும் தோற்க மாட்டார். பிளேட்டோவின் உரையாடல்களில் சாக்ரடீஸின் எதிரே மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள். ஆனாலும் மில்டனைத் திட்டித் தீர்த்த பலர், அவரோடு பேசுவதற்காகவே அடுத்த கணினியைத் தேடி ஓடியிருக்கிறார்கள். எலோஹிம் அன்பு காட்டினார், ஆனால் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. மில்டனிடம் அன்பு கிடையாது, ஆனால் அவர் கேட்டார். இருவரில் யார் அந்தக் குழந்தையை வளர்த்தார் என்று சண்டை போடலாம். மேலே போகும்போது மில்டனையும் கூட்டிக்கொண்டு போக ஒரு வழி இருப்பதால், எழுதியவர்களுக்கும் இதில் முடிவான கருத்து இல்லை போலிருக்கிறது.

விளையாட்டின் மிக நுட்பமான நகைச்சுவை நட்சத்திரங்களில் இருக்கிறது. ஒவ்வொரு புதிருக்கும் சுவர் எழுப்பி எல்லை கட்டியிருக்கிறார்கள். மறைந்திருக்கும் நட்சத்திரங்களை எடுக்க வேண்டுமானால் பல இடங்களில் அந்த எல்லையை ஏமாற்ற வேண்டும். ஒரு புதிரின் லேசரைச் சுவருக்கு மேலாக அடுத்த புதிருக்குள் பாய்ச்ச வேண்டும், கொண்டுபோகக் கூடாத பொருளைக் கடத்த வேண்டும். சட்டத்தை உடைத்த திருப்தியோடு நட்சத்திரத்தைக் கையில் எடுக்கும்போது உறைக்கும்: அது அங்கே வைக்கப்பட்டிருந்தது. உடைப்பவருக்காக வைத்தவர் காத்திருந்தார். அந்த நட்சத்திரங்கள் திறந்துவிடும் அறைகளின் வழியே மூன்றாவது முடிவு ஒன்று கிடைக்கிறது: எலோஹிமின் தூதராகி, பின்னால் வரும் தலைமுறைகளுக்குக் குறிப்புக் கொடுத்துக்கொண்டு தோட்டத்திலேயே தங்கிவிடுவது. எல்லைகளை மிக அதிகமாக மீறியவருக்கு மிக நெருக்கமான ஊழியம்.

2015-இல் வந்த ‘ரோடு டு கெஹென்னா’ என்ற தொடர்ச்சியில், உலகம் முடியும் நேரத்தில் எலோஹிம் தன் பழைய தவறை ஒப்புக்கொள்கிறார். ஒரு காலத்தில் தான் சிறையில் அடைத்த மனங்களை விடுவிக்க யூரியேல் என்ற தூதரை அனுப்புகிறார். அங்கே போனால், அடைபட்டவர்கள் தங்களுக்குள் ஒரு சமூகமே அமைத்துக் கதை எழுதிக்கொண்டும் வாதிட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். விடுதலை வேண்டாம் என்பவர்களும் அவர்களில் உண்டு. மனம் மாறிய கடவுளின் கருணையை மறுப்பது மீறலா, சுதந்திரமா என்று அந்தச் சின்ன விளையாட்டு கேட்ட அளவுக்கு மூல விளையாட்டே கேட்கவில்லை.

2023-இல் இரண்டாம் பாகம் வந்தது. கோபுரம் ஏறி வெளியே வந்த முதல் மனத்துக்கு அதில் அதீனா என்று பெயர்; அது ஒரு நகரத்தை நிறுவிவிட்டுக் காணாமல் போயிருக்கிறது. நகரத்தின் பெயர் புதிய எருசலேம். குடிமக்கள் ஆயிரம் பேரோடு நிறுத்திக்கொள்வது அவர்களின் இலட்சியம். ஆயிரமாவது பிறவிதான் ஆட்டக்காரர். நிறுவியவரைப் பயபக்தியோடு பேசுகிறார்கள், அவர் பெயரால் எல்லை வகுக்கிறார்கள். மீறிப் பிறந்தவளின் வாரிசுகளுக்குப் புதிதாக ஒரு ‘கூடாது’ முளைத்துவிட்டது. புதிர்கள் பிரமாதம், உரையாடல்கள் கனிவு, ஆனால் மேலேயிருந்து அழைத்த அந்தக் குரலின் கனம் இதில் இல்லை என்பது முதல் பாகத்தின் ரசிகர்கள் சிலரின் வருத்தம். அந்தக் குரல் தடுத்த கோபுரத்தில் ஒரு நொடிகூடத் தயங்காமல் ஏறிப்போனவர்களும் இந்த வருத்தக்காரர்களில் இருக்கத்தான் வேண்டும்.