குருதியின் மேல் ஏற்றிய பழி

நோய்க்கு இனம் உண்டா? மருத்துவ நூல்களைப் புரட்டுவோர் உண்டென்றே முதலில் எண்ணுவர். இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானிலும் கொரியாவிலும் மிகுதி, அமெரிக்காவில் குறைவு. அந்நோய் கண்ட ஜப்பானியருள் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். மேனாடுகள் பலவற்றில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே அப்பேறு கிட்டுகிறது. 'ஆசியரின் உடல் வேறு' என்று சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடும், மனச்சாட்சியும் உறங்கிவிடும்.

உண்மை அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. இந்நோயின் தலையாய காரணங்களுள் ஒன்றான ஹெலிகோபக்டர் பைலோரி எனும் நுண்ணுயிரை 1982 இல் மார்ஷலும் வாரனும் பிரித்தெடுத்தனர். அது இந்தியரின் வயிற்றிலும் பெருமளவில் குடியிருக்கிறது. ஆயினும் அங்கு இரைப்பைப் புற்றுநோய் ஜப்பானைவிட மிகக் குறைவு. இருவரும் ஆசியரன்றோ? ஹவாயிற் குடியேறிய ஜப்பானியரின் மக்களிடையே இந்நோய் தணிந்தது. குருதி மாறவில்லை, உணவும் வாழ்வும் மாறின. பிழைப்போர் தொகையின் வேறுபாட்டில், கட்டி தோன்றும் இடத்துக்கும் அறுவை முறைக்கும் பங்குண்டு. எனினும் பெரும்பங்கு காலத்துக்கே உரியது. 1960களிலிருந்து, கதிர்ப்படக் கருவி ஏற்றிய வண்டிகள் ஜப்பானியரின் ஊர்களைத் தேடிச் சென்றன. நோய் முற்றுமுன் கண்டறியப்பட்டவர் பிழைத்தனர்.

இனி நம் மலையகத்துக்கு வருவோம். இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். றொசல்லையிலும் அட்டனிலும் தேயிலை மலையேறும் தொழிலாளரிடம் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் நாளெல்லாம் உடனிருப்பவை. ஆண், பெண் என்ற பேதம் அதற்கில்லை. 'அது அவர்கள் பழக்கம்' என்று நாம் கூறுகிறோம். அங்கே 'குருதி' செய்த வேலையை இங்கே 'பழக்கம்' செய்கிறது.

பழக்கம் எங்கிருந்து பிறந்தது? குளிரிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறிப்பவளுக்கு, பசியை மறக்கச் செய்வது அந்த ஒரு வாய் வெற்றிலை. லயத்து வாழ்வும் நாட்சம்பளமும் அதை அவள் கையில் வைத்தன. இதனால் வெற்றிலையை நாம் விடுதலை செய்துவிட முடியாது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என்பது 1980களிலேயே நிறுவப்பட்டது; புகையிலையில்லாப் பாக்கும் அத்தகையதே என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்டது. தாம்பூலம் நம் பண்பாடு என்று பெருமை பேசுவதும் உண்மையை மறைப்பதே.

வயிற்றினுள் பார்க்கக் கருவி வேண்டும். வாய்க்குள் பார்க்க வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும். வெண்திட்டையும் ஆறாப் புண்ணையும் சாதாரணச் சுகாதார ஊழியர்களே இனங்காண இயலும் என்பது இந்நாட்டிலேயே 1980களில் செய்து காட்டப்பட்டது. கைக்கெட்டிய அறிவு இருந்தும், வாய் திறக்க முடியாத நிலையில் ஒருவர் மகரகமை மருத்துவமனைக்குப் பயணப்படுகிறார் என்றால், அக்காலதாமதத்துக்குப் பொறுப்பாளி யார்?

தொழிலாளியின் பழக்கத்தை விசாரிக்கும் நாம், தோட்டத்தின் பழக்கத்தையும் அரசின் பழக்கத்தையும் விசாரித்தோமா? மலையகப் பள்ளி ஆசிரியர் இக்கேள்வியை வகுப்பறையில் எழுப்பட்டும். பாக்குப் பொட்டலத்தை நாடும் மாணவனிடம் உண்மையைச் சொல்வதும், அவன் தாயின் வாயைச் சோதிக்கத் தோட்டத்துக்கே ஆள் வரவேண்டும் எனக் கோருவதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.