உறவைப் பற்றிப் படிக்கிறோம், உறவோடு பேசுகிறோமா?

   

போன வாரம் இஷாவுக்குப் பிறகு தறி ஓட்டும் இளைஞர் ஒருவர் கையில் புத்தகத்தோடு வந்தார். மனிதர்களோடு எப்படிப் பழகுவது, குடும்பத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தரும் மொழிபெயர்ப்பு நூல். "ஹஜ்ரத், இதையெல்லாம் நாம படிக்கலாமா? நம்மகிட்டதான் குர்ஆன், ஹதீஸ் இருக்கே?" என்று கேட்டார். தாராளமாகப் படிக்கலாம் என்றேன். ஆனால் அந்தப் பதில் பாதிதான். மீதியை இன்று சொல்கிறேன்.

ஹிரா குகையில் வந்த முதல் வஹீ எதைக் கொண்டு தொடங்கியது? ஓதச் சொல்லி. அந்தக் கட்டளையைச் சுமந்துகொண்டு நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்தார்கள். போர்த்தச் சொன்னார்கள். தமக்கு என்ன நேருமோ என்று அஞ்சினார்கள். அப்போது அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எதைச் சொல்லித் தேற்றினார்கள் என்பது புகாரியின் தொடக்கத்திலேயே வருகிறது. அல்லாஹ் உங்களை ஒருபோதும் கைவிடமாட்டான் என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களைக் கவனியுங்கள்: சொந்தபந்தங்களைச் சேர்த்து வாழ்கிறீர்கள், இயலாதவரின் பாரத்தைச் சுமக்கிறீர்கள், இல்லாதவருக்குத் தேடிக் கொடுக்கிறீர்கள், விருந்தாளியை உபசரிக்கிறீர்கள், கஷ்டத்தில் இருப்பவருக்குத் துணை நிற்கிறீர்கள். பதினைந்து வருடம் கூட வாழ்ந்த மனைவி கொடுத்த சாட்சி இது. நம் மனைவிமார்களிடம் கேட்டால் என்ன வரும்? (சிரிக்கிறீர்கள். நானும் கேட்கவில்லை.)

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் எழுதாமல் விடவில்லை. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் நல்லொழுக்கத்துக்கென்றே அல்அதபுல் முஃப்ரத் என்ற தனி நூலைத் தொகுத்தார்கள். பெற்றோரில் தொடங்கி உறவினர், அண்டை வீட்டார் என்று போகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095-ல் பக்தாத் நிஜாமிய்யாவின் பெரிய பதவியை விட்டு வெளியேறி, அதன் பின்னான ஆண்டுகளில் இஹ்யா உலூமித்தீனை எழுதினார்கள். அதன் 40 பகுதிகளில் ஒன்று முழுக்கத் தோழமையைப் பற்றியது. ஒரு சகோதரனுக்கு நாம் தரவேண்டிய எட்டு ஹக்குகளை அதில் விரிக்கிறார்கள். பொருளால் உதவுவது, உடலால் உதவுவது, பிழை பொறுப்பது, துஆ செய்வது எல்லாம் உண்டு. என்னை நிறுத்திய இடம் வேறு. நாவுக்கு இரண்டு ஹக்குகள்: ஒன்று அவன் குறையைப் பேசாமல் இருப்பது, இன்னொன்று அன்பை வாய்திறந்து சொல்வது.

இரண்டாவதில்தான் நாம் தோற்கிறோம். நம் ஊரில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. கூடத்துக்குள் யாரும் பேசினால் கேட்காது, சைகையில் பழகிவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகும் சைகைதான்! சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினால் போதும் என்று அர்த்தம். ஒருவர் இன்னொரு சஹாபியை நேசிப்பதாக நபியிடம் சொன்னபோது, அதை அவரிடம் சொன்னாயா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் போய்ச் சொல்லச் சொன்னார்கள். அவர் எழுந்து போய்ச் சொன்னார். அபூதாவூதில் இருக்கிறது.

இப்போது மற்றவர்கள் எழுதியதற்கு வருவோம். டேல் கார்னகியின் புகழ்பெற்ற நூல் 1936-ல் வந்தது. புன்னகை செய், பெயரை நினைவில் வை, அடுத்தவர் பேசுவதைக் கேள் என்கிறது. புன்னகை ஸதகா என்று படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமில்லை. ஆனால் எதற்காகப் புன்னகை என்ற கேள்வி இருக்கிறதே, அங்கேதான் நிய்யத் வருகிறது. ஆர்டர் பிடிக்கச் சிரிப்பதும் அல்லாஹ்வுக்காகச் சிரிப்பதும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதன் மாணவர்களும் பாஸ்டன் நகரத்து ஏழைப் பையன்களுமாக 724 பேரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார்கள். ஐம்பது வயதில் யாருடைய உறவுகள் நிறைவாக இருந்தனவோ, அவர்களே எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள். கொலஸ்ட்ரால் அளவைவிட அது நன்றாக முன்கூட்டிச் சொன்னது என்கிறார்கள். உறவைச் சேர்ப்பவருக்கு ரிஜ்கு விரியும், ஆயுள் நீளும் என்ற ஹதீஸை இது நிரூபித்துவிட்டது என்று நான் மேடையில் முழங்க மாட்டேன். ஹதீஸுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எண்பது வருடம் பொறுமையாக மனிதர்களைக் கேட்டிருக்கிறார்களே, அதைப் படிப்பதில் நமக்கு நஷ்டமில்லை.

சகோதரர்களே, இப்போது என் கதை. அரபிக் கல்லூரியில் ஓதும்போது வாங்கிய இஹ்யா இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த இளைஞர் போன பிறகு தோழமைப் பாடத்தை எடுத்துப் புரட்டினேன். ஓரத்தில் பென்சில் கோடுகள். சமீபத்தில் நான் போட்டவை. ஒவ்வொன்றையும் பார்த்தேன். 'பிழை பொறுத்தல்' என்ற இடத்தில் கோடு. இது அண்ணனுக்குத் தெரியவேண்டும் என்று போட்டது. 'சிரமம் கொடுக்காதிருத்தல்' கோடு. அதுவும் அண்ணனுக்கு. எட்டு ஹக்கிலும் அவருடைய குறையை அடையாளம் வைத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு கோடு இல்லை.

அத்தா விட்டுப்போன நான்கு தறிகளைப் பிரித்ததில் வந்த வார்த்தை அது. எட்டு மாதமாகிறது. அம்மா அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். நான் பார்க்கப் போகாமல் இல்லை. அண்ணன் ஷிப்டுக்குப் போகும் நேரம் பார்த்துப் போவேன். அம்மாவுக்கு அது தெரியும். கேட்க மாட்டார். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "அவன் வர்ற நேரமாச்சுப்பா" என்பார்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாளுக்கு மேல் ஒதுக்கி வைப்பது ஆகாது, இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவர் என்ற ஹதீஸை இதே மிம்பருக்கு முன்னால் நான் பலமுறை பயான் செய்திருக்கிறேன். பதிலுக்குப் பதில் செய்பவன் உறவைச் சேர்ப்பவன் அல்ல, அறுந்ததைச் சேர்ப்பவனே சேர்ப்பவன் என்பதையும்தான். உங்களில் தறி ஓட்டுபவர்களுக்கு இது புரியும். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவீர்கள். யாரால் அறுந்தது என்று விசாரிப்பதில்லை.

அந்த இளைஞருக்குச் சொல்லாமல் விட்ட மீதிப் பதில் இதுதான்: படிக்கும்போது யார் முகம் உங்கள் நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள். அவர் குறைக்குக் கோடு போடுகிறீர்களா, அவரிடம் போகவேண்டிய வழியைத் தேடுகிறீர்களா? இதைப் போனில் வாசித்துக்கொண்டிருக்கும் நீங்களும்தான். அந்த எண் அதே போனில் இருக்கும்.

இன்று அஸர் தொழுகையை மோதினார் நடத்துவார். ஜும்ஆ முடிந்ததும் நான் ராசிபுரம் பஸ் ஏறுகிறேன். அண்ணனுக்கு இன்று ஷிப்டு இல்லை, விசாரித்துவிட்டேன். அவர் கதவைத் திறப்பாரா என்று தெரியாது. துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும்.