கூடுதலாக ஒரு தட்டு



போலந்துக் கத்தோலிக்கர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவை விகிலியா என்பார்கள். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பிட உட்காருவார்கள். மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்திக்கொள்வார்கள். மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். வழிப்போக்கர் யாராவது கதவைத் தட்டினால் அவருக்கு. பெரும்பாலும் யாரும் தட்டுவதில்லை.

1940 பிப்ரவரி 10 அன்று, சோவியத் பிடித்திருந்த கிழக்குப் போலந்தில் தட்டினார்கள். வந்தவர்கள் துப்பாக்கியோடு வந்த சோவியத் ஆட்கள். மூட்டை கட்டச் சில வீடுகளுக்கு அரை மணி நேரம்தான் கிடைத்தது. குழந்தைகள், கிழவர்கள் என்று பாராமல் சரக்கு ரயிலில் அடைத்து வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் காடுகளுக்கும் சைபீரியாவுக்கும் அனுப்பினார்கள். அப்படிப் போன ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அப்படிப்பட்ட குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

ஊரில் இருந்தவரை நிலம், மொழி, கோயில் எல்லாம் பாட்டன் சொத்துபோல அவர்களுக்குத் தானாக வந்தவை. நான் யார் என்று கேட்டுக்கொள்ள அவசியமே இருந்ததில்லை. காட்டில் கோயில் இல்லை, குருவானவர் இல்லை. ரொட்டியை அளந்து தந்த அந்த இடத்தில், அதிலேயே கொஞ்சம் பிசைந்து செபமாலை மணி உருட்டினார்கள். பசித்த வயிற்றோடு! அம்மா தாழ்ந்த குரலில் சொல்லிக் கொடுத்த செபமே பிள்ளைகளுக்குப் போலந்தாகவும் இருந்தது.

துன்பம் ஆளைப் புடம் போடும் என்று மேடையில் சொல்லிவிடலாம். அதை நான் முழுசாக நம்புவதில்லை. பெற்ற பிள்ளையைப் பனியில் புதைத்துவிட்டு அதன்பின் செபிக்க முடியாமல் போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

1941இல் ஹிட்லர் ரஷ்யாவைத் தாக்கினார். சோவியத்துக்கும் போலந்து அரசுக்கும் ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டு இவர்களுக்கு விடுதலை கிடைத்தது. மறு ஆண்டு, போலந்து ஜெனரல் ஆண்டர்ஸ் திரட்டிய படையோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈரானுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் காஸ்பியன் கடலைக் கடந்து பஹ்லவி துறைமுகத்தில் இறங்கினார்கள். எலும்பும் தோலுமாக, பேன் பிடித்த தலையோடு. அங்கிருந்து சிலர் நம் நாட்டுக்கும் வந்தார்கள். ஜாம்நகர் மகாராஜா திக்விஜய்சிங்ஜி பாலாசடியில் அனாதைப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் 1943 முதல் 1948 வரை ஏறக்குறைய 5,000 பேர் பள்ளிக்கூடமும் கோயிலும் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகக் கூடுதல் தட்டு வைத்த குடும்பம், இப்போது அடுத்தவர் வைத்த கூடுதல் தட்டில் சாப்பிடுகிறது. அதுவும் முஸ்லிம் நாட்டில், இந்து அரசர்களின் மண்ணில். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வீடில்லாமல் வரும் அந்நியன் ஆண்டவரே என்று படித்திருந்தார்கள். அந்த அந்நியனாகத் தாங்களே நிற்போம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். தன் ஊர்க் கோயிலுக்குள்ளேயே கடவுளைக் கண்டு பழகிய ஒரு விசுவாசத்தின் கூரை அங்கே பிய்ந்துபோனது. நல்லதுக்குத்தான் பிய்ந்தது என்பேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1945இல் யால்டாவில் வல்லரசுகள் எல்லைக்கோட்டை நகர்த்தின. இவர்களுடைய கிராமம் சோவியத் நாட்டுக்குள் போயிற்று. அந்தக் குடும்பத்தின் மகன் ஆண்டர்ஸ் படையில் சேர்ந்து இத்தாலியில் மோண்டே காசினோவில் போரிட்டு ஜெயித்தவன். திரும்பிப் போக அவனுக்கு வீடில்லை. பலரைப்போல அந்தக் குடும்பமும் இங்கிலாந்தில் தங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை, சனிக்கிழமைப் போலிஷ் பள்ளி, சுவரில் செஸ்டகோவா மாதா. அழகுதான். ஆனாலும் பாருங்கள், பிய்ந்த கூரையை மெல்ல மறுபடி வேய ஆரம்பித்துவிட்டார்கள். கடவுளுக்கும் ஒரு பாஸ்போர்ட் கொடுத்தாகிவிட்டது. இழந்ததைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் காயத்தையும் சேர்த்தே காப்பாற்றிவிடுகிறோமே, என்ன செய்வது?

திருப்பாடல் 137 இந்த இடத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கும். பாபிலோனில் நாடுகடத்தப்பட்டவர்களின் அழுகையோடு தொடங்குகிறது. எல்லாருக்கும் பிடித்த பகுதி அது. முடிவில் எதிரியின் குழந்தைகள்மேல் சாபம் வருகிறது. அதை நாம் வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். அடுத்த வாரம் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வீட்டில் முழுவதும் வாசித்துவிட்டு வாருங்கள்.