கடனாளி கடையைத் திறக்க வேண்டும்

 

பிரசங்கம் செய்ய நாம் ஆலிம் அல்ல. ஊர் மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் நம் கல்வி. மீதியைக் கல்லாப்பெட்டி கற்றுக்கொடுத்தது. ஆயினும் கடனில் முழுகி, கையும் காலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் சகோதரர்கள் ஜொகூரில் பலர் உண்டென்று அறிவோம். நாமும் அப்படி உட்கார்ந்திருந்தவர்தாம். ஆகையால் இதைப்பற்றிப் பேச நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. சிங்கப்பூருக்குப் போகும் பாலம் அடைபட்டது. அங்கே வேலை செய்து இங்கே சாமான் வாங்குகிற ஜனங்களை நம்பித்தான் நம் பலசரக்குக் கடை ஓடிக்கொண்டிருந்தது. 2022 ஏப்ரல் 1-ல் பாலம் பழையபடி திறக்கும் வரையில், இரண்டு வருஷம் வாடகையும் மின்சாரமும் ஆள் சம்பளமும் மட்டும் தவறாமல் வந்தன; வாடிக்கைக்காரர் வரவில்லை. 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் வங்கிகள் தவணை கேட்காமல் இருந்தன. அது மூச்சு விடுகிற நேரம். ஆனால் ஆறு மாதம் கழிந்ததும் தவணை திரும்பி வந்துவிட்டது, வியாபாரம் வரவில்லை. பாலம் திறந்தபோது நம் கணக்கு இது: வங்கிக்கு 31,000 வெள்ளி, மொத்த வியாபாரிக்கு 19,500, மச்சானுக்கு 8,000, பள்ளிவாசல் சிநேகிதர்களிடம் கைமாற்று 4,500. ஆக மொத்தம் 63,000 வெள்ளி.

கேளுங்கள் சகோதரர்களே, பாலம் திறந்த பிறகுதான் நாம் படுத்துவிட்டோம்! ஜனங்கள் வருகிறார்கள், நாமோ பதினொரு மணிக்குக் கடை திறக்கிறோம். பலகையில் சாமான் இல்லை, நிரப்பத் தோன்றவில்லை. எவ்வளவு விற்றாலும் பிறத்தியாருக்குத்தானே போகப்போகிறது என்ற எண்ணம். தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஜும்ஆவுக்குப் போனால் கைமாற்றுக் கொடுத்தவர் முன் சஃப்பில் இருப்பாரே என்று கடைசி சஃப்பில் நின்று, ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடி ஓடியதுண்டு. சுன்னத்துத் தொழுகை அந்த நாட்களில் நமக்குக் கிடையாது.

இந்த நோய் புதிதல்ல. அபூ உமாமா என்ற அன்சாரித் தோழர் ஒருவர் தொழுகை நேரமல்லாத நேரத்தில் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தார். ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கண்டு, இந்நேரத்தில் என்ன என்று விசாரித்தார்கள். கவலைகளும் கடன்களும் பிடித்துக்கொண்டன என்றார் அவர். காலையிலும் மாலையிலும் ஓதிவரும்படி நாயகம் ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடனின் பாரம், மனிதர்களின் அடக்குமுறை ஆகிய இவற்றினின்றெல்லாம் அல்லாஹ்விடம் காவல் தேடுகிற துஆ அது. அபூதாவூதில் இருக்கிறது. சிறு வயதில் ஓதியதுதான். பொருள் அப்போது தெரியாது. கடனையும் சோம்பலையும் இயலாமையையும் நாயகம் ஒரே துஆவில் சேர்த்திருக்கிறார்கள் என்பது கடனில் விழுந்த பிறகே நமக்குப் புரிந்தது. கடன் பணத்தை மட்டும் தின்பதில்லை, மனிதனின் கையையும் தின்கிறது. அந்தத் தோழர் அவ்வாறே ஓதிவந்தார். கவலையும் போயிற்று, கடனும் தீர்ந்தது.

நிற்க, ஓதினால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். ஸுபைர் இப்னுல் அவ்வாம் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் கடனைச் சொல்கிறோம். புகாரியில் விரிவாக வருகிற வரலாறு. சுவர்க்கத்துக்கு நன்மாராயம் சொல்லப்பட்ட பதின்மரில் ஒருவர் அவர். ஜனங்கள் தங்கள் பணத்தை அவரிடம் அமானத்தாகக் கொண்டுவருவார்கள். தொலைந்துபோய்விடுமோ என்று அஞ்சி, அமானத்தாக வேண்டாம், நம்மேல் கடனாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் வாங்குவார். அமானத்து தன் குற்றமின்றித் தொலைந்தால் பொறுப்பில்லை. கடன் என்றால் எப்படியும் கொடுத்தே தீர வேண்டும். கொடுத்தவருக்கு நஷ்டம் வரக்கூடாதென்று பாரத்தைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டார். (நம் கடன் இப்படிப்பட்ட கடன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை!)

ஹிஜ்ரி 36-ல் ஜமல் யுத்தத்தன்று, மகனார் அப்துல்லாஹ்வை அழைத்து, தமக்கிருக்கும் பெருங்கவலை கடன்தான் என்றும், சொத்தை விற்று அடைக்கும்படியும், முடியாமல் போனால் தம் எஜமானனிடம் உதவி தேடும்படியும் சொன்னார். எஜமானன் யார் என்று மகனுக்கு விளங்கவில்லை. அல்லாஹ் என்றார் தந்தை. அன்றே ஷஹீதானார். கணக்குப் பார்த்தால் 22 லட்சம் கடன்! கையில் ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. இருந்ததெல்லாம் காபா என்ற நிலமும், மதீனாவில் பதினொரு வீடும், பஸராவில் இரண்டும், கூபாவிலும் மிஸ்ரிலும் ஒவ்வொன்றும்.

ஹகீம் இப்னு ஹிஸாம் என்ற பெரியவர் கடன் எவ்வளவு என்று கேட்டார். அப்துல்லாஹ் ஒரு லட்சம் என்றார். மறைத்துவிட்டார், சகோதரர்களே! கடன் என்றால் குறைத்துச் சொல்ல நாக்கு தானாகத் திரும்புகிறது. அதற்கே உங்கள் சொத்து காணாது என்றார் பெரியவர். அப்புறம்தான் 22 லட்சம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று உண்மையை அவிழ்த்தார். உங்களால் ஆகாது, ஆகாமல் போனால் நம்மிடம் வாருங்கள் என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. தந்தையார் ஒரு லட்சத்து 70 ஆயிரத்துக்கு வாங்கிய காபா நிலத்தை அப்துல்லாஹ் பங்கு பங்காக 16 லட்சத்துக்கு விற்றார். நாலு லட்சம் வரவேண்டிய ஒருவர் தள்ளிவிடுகிறோம் என்றார்; மகனார் சம்மதிக்கவில்லை. கடைசியில் வாங்குங்கள் என்றார். அதற்கும் இணங்காமல் அவர் பங்குக்கு நிலத்தையே வெட்டிக்கொடுத்தார். நெருக்கடி வரும்போதெல்லாம் ஸுபைரின் எஜமானனை அழைத்துத் துஆச் செய்வார், வழி பிறக்கும். கடன் தீர்ந்த பின்பும் வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கு வைக்கவில்லை. வரவேண்டியவர் எவரேனும் உண்டா என்று நாலு வருஷம் ஹஜ்ஜுக் காலத்தில் கூவி அறிவித்த பிறகே பங்கு வைத்தார்.

இதை ஒரு ரமலான் இரவு ஹஜ்ரத் ஒருவர் சொல்லக் கேட்டு வீட்டுக்குப் போனோம். நாமும் மனைவியிடம் இருபதாயிரம் என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். அன்று பேரேட்டை எடுத்து அவள் முன் வைத்தோம். கடனுக்காக அவள் கோபிக்கவில்லை. மறைத்ததற்காக இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கோடு போட்ட நோட்டில் அவளே கடன்களைச் சிறிதிலிருந்து பெரிதாக எழுதி, ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். கடை திறக்கிற ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு 30 வெள்ளி அதில் விழ வேண்டும் என்றாள். வீட்டுச் செலவுக்கு எடுத்தது போக என்று அவளே சொன்னதைக் கவனியுங்கள். பிள்ளைகள் வயிற்றைக் கட்டி அடைக்கிற கடன் மூன்று மாதத்துக்கு மேல் ஓடாது.

முதலில் 300 வெள்ளிக் கைமாற்று ஒன்று தீர்ந்தது. அற்பத் தொகை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நாம் இரண்டாவது சஃப்பில் நின்றோம்! மறுநாள் எட்டு மணிக்குக் கடை திறந்தோம். உற்சாகம் வரட்டும், அப்புறம் உழைக்கலாம் என்று அதுவரை காத்திருந்தது வீண். டின்னில் விழுந்த காசுக்குப் பின்னால்தான் அது வந்தது. மொத்த வியாபாரி வரும்போது பின்கட்டில் ஒளிகிற வழக்கத்தையும் விட்டு, நாமே அவர் கிடங்குக்குப் போனோம். மாதம் 400 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் ஆயத்துத்தான் திருக்குர்ஆனில் மிக நீளமானது. நம்மவர் வாய்ப்பேச்சிலேயே காலம் தள்ளுகிறோம்.

கடன் கொடுத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். கஅப் இப்னு மாலிக் அவர்களும் அவருக்குக் கடன்பட்டவரும் பள்ளிவாசலில் குரல் உயர்த்திச் சண்டையிட்டார்கள். நாயகம் தம் வீட்டுத் திரையை விலக்கி, பாதியைத் தள்ளும்படி கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் உடனே ஒப்பினார். மற்றவரை நோக்கி, எழுந்து மீதியைக் கொடும் என்றார்கள். தள்ளவும் ஒருவர், எழவும் ஒருவர். பாதி தள்ள மனமில்லாவிட்டாலும், நெருக்கடியில் இருப்பவனுக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்லி சூரத்துல் பகரா 280-ம் ஆயத்து இருக்கிறது.

வழியே தெரியாதவர்கள் ஆலோங்கிடம் மட்டும் போகாதீர்கள். ஒரு கடனை அடைக்க அதைவிடப் பெரிய வட்டியை வாங்கி, கடையின் இரும்புக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பாங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏ.கே.பி.கே. நிலையத்தில் காசு வாங்காமல் கணக்குப் பார்த்து வங்கிகளோடு பேசித் தருகிறார்கள். ஜக்காத்துப் பெற உரிய எட்டு வகையாரில் கடனாளியும் ஒருவர் என்று சூரத்துத் தவ்பா சொல்கிறது. தகுதியுள்ளவர் ஜொகூர் இஸ்லாமிய மார்க்க மன்றத்தில் விண்ணப்பிக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

கைமாற்றும் மச்சான் கடனும் தீர்ந்தன. வங்கிக் கடன் தன் போக்கில் போகிறது. மொத்த வியாபாரிக்கு 42 தவணை கொடுத்தாயிற்று, 2,700 வெள்ளி மீதி. வருகிற திங்கட்கிழமை 43-வது தவணை. நோட்டு மனைவியிடத்தில் இருக்கிறது. டின்னில் 370 இருக்கிறதாம், இன்றிரவு ஒரு 30 விழ வேண்டும் என்கிறாள்.

வஸ்ஸலாம்.