வந்தேன்

பத்தொன்பது வயதில் பம்பாய்க்கு ரயிலேறியபோது எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். திருநங்கைகளின் ஜமாத்தில் குருதான் இந்தி சொல்லிக்கொடுத்தார். "மே ஜாத்தா ஹூம் இல்லடி, ஜாத்தி ஹூம்" என்று முதுகில் தட்டித் திருத்துவார். 'நான் போகிறேன்' என்பதற்கே அங்கே ஆணா பெண்ணா என்று தெரிந்தாக வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் நின்று அந்த 'ஜாத்தி'யை இருபது தரம் சொல்லிப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது.

அதற்கப்புறம்தான் என் தமிழை உற்றுக் கேட்டேன். வந்தேன், தின்றேன், அழுதேன். எதிலும் பால் இல்லை. பாவாடை ஆசையை மறைத்துத் திரிந்த பள்ளிக்கூட நாளில்கூட 'நான்' என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை! 'நீ வந்தாய்' என்றாலும் அப்படித்தான். எதிரெதிரே நிற்கும் இருவருக்கு நடுவே தமிழ் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. முகத்தைத் திருப்பி மூன்றாம் ஆளிடம் பேசும்போதுதான் வந்தானா வந்தாளா என்று முளைக்கிறது. என்னை நொறுக்கியதெல்லாம் படர்க்கையில் வந்த சொற்கள். ரேஷன் கார்டுக்காக வரிசையில் நின்றபோது ஓர் எழுத்தர் பக்கத்து மேசையிடம் சொன்னார்: "அது என்ன கேக்குதுன்னு பாரு."

தொல்காப்பியம் எங்களை உயர்திணையில்தான் வைத்திருக்கிறது. ஆண்பால் விகுதி எங்களுக்கு ஆகாது என்றும் சொல்லதிகாரத்தில் இருக்கிறது. அத்தனை பழைய இலக்கணம் அறிந்ததை அந்த எழுத்தர் அறியவில்லை. 2008இல் தமிழ்நாட்டில் எங்களுக்கு நல வாரியம் வந்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தை அவரவரே சொல்லலாம், அறுவை கட்டாயமில்லை என்றது. தன்மையில் நான் சொல்வதைப் படர்க்கை ஒத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பை நான் அப்படித்தான் படித்தேன்.

நிர்வாணம் என்று நாங்கள் சொல்லும் அறுவை முடிந்து நாற்பது நாள் கண்ணாடி காட்டவில்லை. சடங்கன்று மஞ்சள் பூசிக் காட்டினார்கள். ஏழு வயதில் அம்மா சேலையைச் சுற்றிக்கொண்டு பார்த்த அதே முகம். புதிதாக யாரும் வந்துவிடவில்லை.

ஊர் கேட்டால் அம்மா, "எம்புள்ள வந்திருக்கு" என்பாள். அவன் என்றதில்லை, அவள் என்றதுமில்லை. எழுத்தர் வாயில் சுட்ட அதே அஃறிணை, அம்மா வாயில் மடியில் போட்டுத் தட்டும் சொல். அதுவே போதுமென்று இருந்துவிட்டேன்.

அம்மாவின் கடைசி மாதம், ஆஸ்பத்திரியில் கால் அமுக்கிக்கொண்டிருந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன். மாத்திரை கொண்டுவந்த நர்ஸிடம் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அவகிட்டக் குடும்மா. அவ பாத்துக்குவா."